வென்டிலேட்டர் வாங்குவதற்கு முன்

(தாம்பரத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உயிர்காக்கும் கருவிகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். வென்டிலேட்டர், எக்மோ, மானிட்டர் என்று ஐ.சி.யு.வுக்குள் நிற்கிற கருவிகளில் எது யாருக்கு எவ்வளவு பயன் தருகிறது, கொடுக்கிற காசுக்கு அந்தப் பயன் தகுமா என்பதுதான் இன்றைய பொருள். வேறு ஊரில் பேசியிருந்தால் லண்டனிலிருந்து ஆரம்பித்திருப்பேன். தாம்பரத்தில் அதற்கு அவசியமில்லை. இந்தக் கேள்விக்கான உலகத்தின் சிறந்த பாடங்களில் ஒன்று சென்னையில் எழுதப்பட்டது. அந்தப் பாடத்தை நெஞ்சில் வாங்கிக்கொண்டு உருமாறிய மருத்துவமனை உங்கள் சானடோரியம்.

1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து இங்கே காசநோயாளிகளுக்கான சானடோரியத்தைத் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பக்கம் ஒரு சானடோரியம் நடத்தியவர் அவர். கணிதமேதை ராமானுஜன் 1917-ல் அங்கே சில காலம் சிகிச்சையில் இருந்தார். 1937-ல் தாம்பரம் சானடோரியத்தை அரசு ஏற்றுக்கொண்டது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, நாள்கணக்கில் படுக்கை ஓய்வு, சத்தான சாப்பாடு, குடும்பத்தைவிட்டுத் தள்ளி இருப்பது, இவைதான் சிகிச்சை. உலகம் முழுக்க சானடோரியங்களில் நோயாளியின் நெஞ்சுக்கூட்டுக்குள் ஊசி வழியே காற்றைச் செலுத்தி, புண்பட்ட நுரையீரலைச் சுருங்கவைத்து ஓய்வு கொடுக்கிற முறையும் இருந்தது. அந்தக் காலத்து உயிர்காப்புச் சாதனங்கள் இவை. காசநோய் என்றால் சானடோரியம் படுக்கை வேண்டும். படுக்கை கிடைக்காதவன் சாகவேண்டியதுதான் என்று எல்லோரும் நம்பினார்கள்.

மருந்துகள் வந்தபிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் இருந்த குழு எல்லோரும் கேட்கத் தயங்கிய கேள்வியைக் கேட்டது. அதே மாத்திரையைக் கொடுத்து, பாதிப் பேரைச் சானடோரியத்தில் வைத்து, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

193 நோயாளிகள். யார் எங்கே போவது என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். வீட்டுக்குப் போனவர்கள் இருண்ட, நெரிசலான வீடுகளில் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு, முடிந்தபோது வேலைக்கும் போய்க்கொண்டு மாத்திரை விழுங்கினார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வு, சாப்பாடு, செவிலியர் கவனிப்பு எல்லாம் கிடைத்தன. 1959-ல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் காசநோயைக் கையாளும் விதமே அதன்பின் மாறியது. ஒரு படுக்கைக்கான செலவில் பல பேருக்கு மருந்து கொடுக்கலாம் என்று ஏழை நாடுகளுக்குத் துணிச்சல் வந்தது.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசும் பலர் "ஆக, படுக்கை வீண்" என்று முடித்துவிடுகிறார்கள். அது தவறான வாசிப்பு. மாத்திரை கிடைக்கிற, எழுந்து நடமாட முடிகிற பெரும்பாலானவர்களுக்குப் படுக்கை கூடுதலாக எதுவும் தரவில்லை என்பதே அதன் முடிவு. மூச்சு வாங்கிக்கொண்டு, எலும்பும் தோலுமாக வருகிறவருக்குப் படுக்கை இன்றும் உயிர். 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளை மற்ற இடங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய நாட்களில் தாம்பரம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. 2004-ல் இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை நாட்டில் தொடங்கியபோது முதல் மையங்களில் ஒன்றாக இருந்தது. படுக்கையின் மதிப்பு ஒரு நோயாளியிடம் குறைந்து இன்னொரு நோயாளியிடம் கூடியது.

2022 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதன் மறுபாதி. நோய் கண்டறியப்பட்ட உடனே ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் இருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. இதில் தேறாதவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். தேவைப்படும் கருவிகள் எடைபார்க்கும் எந்திரம், கடிகாரம், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். பல மாவட்டங்களில் தொடக்க நாட்களின் இறப்பு குறைந்திருக்கிறது. யாருக்குப் படுக்கை வேண்டாம் என்று 1959 சொன்னது. யாருக்குக் கட்டாயம் வேண்டும் என்று 2022 சொல்கிறது. வென்டிலேட்டருக்கும் இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்கவேண்டும் என்பது என் கட்சி.

வென்டிலேட்டர் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோய். மூச்சுத் தசைகள் செயலிழந்த குழந்தைகள் பிளெக்டாம் மருத்துவமனையில் வந்து குவிந்தார்கள். உடம்பை உள்ளே வைத்து மூடும் இரும்பு நுரையீரல் ஒன்றே ஒன்று இருந்தது. முதலில் வந்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தச் சொன்னார். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், மாதக்கணக்கில் பை அழுத்தினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே வந்தது. ஐ.சி.யு. என்ற ஏற்பாடே அங்கிருந்துதான் கிளம்பியது. அதன் முதல் வென்டிலேட்டர் மனிதக் கை. இதை மறந்துவிட்டு எந்திரத்தை மட்டும் டெண்டர் போட்டு வாங்குவதால்தான் இன்று பல சிக்கல்கள்.

ஒரே எந்திரம் இரண்டு விதமாக வேலை செய்யும் என்பதற்கு ஒரு சான்று. கடுமையாக வீங்கிய நுரையீரல் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்றைத் தள்ளுவது? அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2000-த்தில் வெளிவந்தது. கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் என்ற பழைய அளவில் வைத்தபோது 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லிலிட்டராகக் குறைத்தபோது 31 சதவீதம். கணக்குப் போட்டால், 11 பேருக்கு அளவைக் குறைத்தால் ஒரு உயிர் கூடுதலாக மிஞ்சுகிறது. செலவு? ஒரு குமிழைத் திருப்புவது. ஆனால் எவ்வளவு திருப்புவது என்று தெரிய, நோயாளியின் உயரத்தை அளந்திருக்க வேண்டும். கிலோ என்பது அவர் இப்போது இருக்கும் எடை அல்ல, உயரத்துக்கேற்ற எடை. கட்டில் ஓரமாக அளவுநாடா பிடித்து உயரம் குறிக்காத ஐ.சி.யு.வில் எத்தனை லட்சம் போட்டு வாங்கிய எந்திரமும் பாதி மதிப்புக்குத்தான் ஓடுகிறது.

அடுத்தது குப்புறப் படுக்கவைப்பது. 2013-ல் பிரான்சில் இருந்து வந்த ஆய்வு. 466 பேர், எல்லோரும் வென்டிலேட்டரில். வழக்கம்போல மல்லாந்து கிடந்தவர்களில் 28 நாளுக்குள் 32.8 சதவீதம் பேர் இறந்தார்கள். தினமும் நீண்ட நேரம் குப்புறப் படுக்கவைத்தவர்களில் 16 சதவீதம். ஆறு பேரைப் புரட்டினால் ஒரு உயிர். இதற்கும் புது எந்திரம் வேண்டாம். வேண்டியது நான்கைந்து பேர். தலைமாட்டில் ஒருவர் குழாயை விடாமல் பிடித்துக்கொள்ள, இருபுறமும் ஆட்கள் ஒயர்களையும் சொட்டுமருந்துக் குழாய்களையும் ஒதுக்கிக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே வீச்சில் திருப்ப வேண்டும். முகம் அழுந்தாமல் தலையணை, கண் உலராமல் களிம்பு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கழுத்தை மாற்றி வைப்பது என்று அதற்குமேல் வேலை. இரவு ஷிப்டில் பத்துப் படுக்கைக்கு இரண்டு சிஸ்டர்கள் இருக்கும் வார்டில் இது நடக்காது. வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்குச் செவிலியர் ஒருவர் என்பது ஏட்டில் உள்ள நெறி. எந்திரத்தின் விலையில் அந்தச் செவிலியரின் சம்பளத்தைச் சேர்க்காத எந்தக் கணக்கும் கணக்கல்ல.

இப்போது எக்மோ. 2016 டிசம்பர் 4-ஆம் தேதி மாலை முதல்வர் ஜெயலலிதாவுக்கு இதயம் நின்றுபோய் எக்மோ வைக்கப்பட்டது என்று செய்தி வந்தபோதுதான் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் அந்தச் சொல் நுழைந்தது. 2020-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் வாரக்கணக்கில் எக்மோவில் இருந்தபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, செயற்கைச் சவ்வு வழியே ஆக்சிஜன் ஏற்றி, கரியமிலவாயுவை நீக்கி, திரும்ப உள்ளே அனுப்பும் கருவி அது. எதையும் குணமாக்காது. நுரையீரலோ இதயமோ தானாகத் தேறுவதற்கு அவகாசம் வாங்கிக் கொடுக்கும். தேறக்கூடிய உறுப்பாக இருந்தால்தான் அந்த அவகாசத்துக்குப் பொருள் உண்டு.

சான்று என்ன சொல்கிறது? 2009-ல் பிரிட்டனில் 180 பேரிடம் நடந்த ஆய்வு. எக்மோ வசதியுள்ள லெஸ்டர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்துப் பெரிய ஊனமின்றி உயிரோடு இருந்தார்கள். அனுப்பப்படாதவர்களில் 47 சதவீதம். பெரிய வெற்றி என்று தோன்றும். ஆனால் அனுப்பப்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு எக்மோ வைக்கவே இல்லை. தேர்ந்த குழுவின் கைக்குப் போனதால் வந்த பலனா, எந்திரம் தந்த பலனா என்று பிரிக்க முடியவில்லை. 2018-ல் 249 பேரிடம் நடந்த அடுத்த ஆய்வில் எக்மோ குழுவில் 35 சதவீதமும் மற்றதில் 46 சதவீதமும் இறந்தார்கள். புள்ளியியல் கணக்கில் அது உறுதியான வேறுபாடாகத் தேறவில்லை. மாரடைப்பால் இதயம் துவண்டவர்களிடம் 2023-ல் 420 பேரை வைத்துப் பார்த்தார்கள். எக்மோவோடு 47.8 சதவீதம், இல்லாமல் 49 சதவீதம் இறப்பு. அதாவது வழக்கமாக வைப்பதால் பயன் இல்லை. சரியாகத் தேர்ந்தெடுத்த நுரையீரல் நோயாளிக்கு, பழகிய குழுவின் கையில் எக்மோ பயன்படும் என்றே நினைக்கிறேன். கடைசி முயற்சியாக எல்லோருக்கும் வைத்துப் பார்ப்பதை எந்த ஆய்வும் ஆதரிக்கவில்லை.

பணக்கணக்குக்கு வருகிறேன். ஒரு சிகிச்சையால் ஒருவருக்கு எத்தனை ஆண்டு ஆயுள் கூடுகிறது, அந்த ஆண்டுகள் எவ்வளவு நலமான ஆண்டுகள் என்று இரண்டையும் பெருக்கி 'நலமான ஆயுள் ஆண்டு' என்று ஒரு அலகை வைத்திருக்கிறார்கள். கூடுதல் செலவைக் கூடுதல் ஆண்டுகளால் வகுத்தால், ஒரு நலமான ஆண்டுக்கு விலை கிடைக்கும். மேலே சொன்ன பிரிட்டிஷ் எக்மோ ஆய்வில் அது 19,252 பவுன். அங்கே 20,000 முதல் 30,000 பவுன் வரை ஏற்கத்தக்கது என்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. ஆகவே அங்கே தகும். நம் நாட்டில் 2017-ல் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென ஓர் அமைப்பு வந்தது. தலா ஒருவருக்கான நாட்டு உற்பத்தியை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல், அது வரம்பாகக் கொள்கிறது. 19,252 பவுன் என்பது 20 லட்சம் ரூபாய்க்கு மேல். இங்கே சம்பளம் குறைவு, ஆகவே செலவும் குறையும் என்பது உண்மை. ஆனால் சவ்வும் பம்பும் இறக்குமதி. அவற்றின் விலை நம் ஏழ்மையைப் பார்த்து இறங்காது. லெஸ்டரில் தகுந்தது என்பதால் குரோம்பேட்டையில் தகும் என்று ஆகிவிடாது.

அந்த மதிப்பீட்டு அமைப்பின் வட்டார மையங்களில் ஒன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956-ல் தொடங்கிய அதே மையம்தான் இன்று அந்தப் பெயரில் இருக்கிறது.

'நலமான ஆண்டு' கணக்கைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வரும். "என் அப்பாவின் உயிருக்கு விலை போடுவாயா?" என்பார்கள். நியாயமான கோபம். வயதானவர், ஊனமுள்ளவர் ஆகியோரின் ஆண்டுகளை இந்த அலகு குறைத்து மதிப்பிடும் ஆபத்து உண்டு. ஆகவே இந்தக் கணக்கு கட்டில் பக்கம் வரவே கூடாது. அது கொள்முதல் குழு உட்காரும் மேசையில் இருக்கவேண்டிய கணக்கு. கட்டில் பக்கம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இந்த எந்திரம் இந்த மனிதரை அவர் விரும்பும் வாழ்க்கைக்குத் திருப்பிக் கொண்டுவருமா?

கொள்முதல் மேசையில் நடப்பதைப் பார்ப்போம். 2020-ல் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்களுக்கு 2,000 கோடி ஒதுக்கினார்கள். ஒன்றுக்கு நான்கு லட்சம். விலை குறைவுதான். ஆனால் அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில், பல மாநிலங்களில் அவை பிரிக்காத பெட்டியிலோ பழுதாகியோ கிடக்கின்றன என்று செய்திகள் வந்தன. ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை, சென்சார் இல்லை, ஆக்சிஜன் குழாயில் அழுத்தம் இல்லை என்றார்கள். ஓடாத எந்திரத்தின் நலமான ஆண்டு பூஜ்யம்.

ஆக்சிஜனைச் சொன்னேன். மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை-ஃப்ளோ கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். முழு ஆக்சிஜனில் வைத்தால் ஒரு நாளைக்கு 86,400 லிட்டர். ஜம்போ சிலிண்டரில் 7,000 லிட்டர் இருக்கும். ஒரே ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் 12 சிலிண்டர். இருபது கருவி வாங்க நன்கொடை கொடுப்பவர், அந்த வளாகத்தின் ஆக்சிஜன் டாங்கும் குழாயும் அதைத் தாங்குமா என்று கேட்பதில்லை. 2021 மே 4-ஆம் தேதி இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 13 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது என்றார்கள் உறவினர்கள். பற்றாக்குறை இல்லை என்றது நிர்வாகம். எது எப்படியோ, குழாயில் அழுத்தம் இறங்கினால் மணியடிக்கும் அலாரமும், அதைக் கேட்டு ஓட ஓர் ஆளும் எந்த ஐ.சி.யு.வுக்கும் முதல் உயிர்காக்கும் கருவி. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது, ஆற்றோரத் தனியார் மருத்துவமனை ஒன்றில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் நீரில் மூழ்கியது. ஏரிகளுக்கு நடுவே குடியிருக்கும் நம் பகுதியில் ஜெனரேட்டரை எத்தனை அடி உயரத்தில் வைப்பது என்பதும் மருத்துவக் கேள்விதான்.

மலிவானது என்றால் மட்டம் என்று நினைக்கிறவர்களுக்கு டாக்காவைக் காட்டுவேன். அங்கே ஜோபாயர் சிஸ்தி என்ற குழந்தை மருத்துவர், நிமோனியாவில் திணறும் குழந்தைகளுக்கு ஷாம்பூ பாட்டிலைக் கொண்டு ஒரு ஏற்பாடு செய்தார். குழந்தை மூச்சுவிடும் குழாயின் மறுமுனை பாட்டில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். வெளிமூச்சு குமிழியிட்டு வெளியேறும்போது ஏற்படும் எதிரழுத்தம், நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரித்துவைக்கும். 225 குழந்தைகளிடம் குலுக்கல் முறையில் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். சாதாரண ஆக்சிஜனில் 15 சதவீதம் இறப்பு, பாட்டில் முறையில் 4 சதவீதம். அவர் பாட்டிலைக் கண்டுபிடித்ததைவிட, அதைச் சோதனைக்கு உட்படுத்தியதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

குடும்பங்களிடம் சில வார்த்தை. ஜி.எஸ்.டி. சாலையில் அடிபட்டு வரும் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு வென்டிலேட்டர் சில நாட்களில் நாற்பது ஐம்பது ஆண்டுகளைத் திருப்பிக் கொடுக்கலாம். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் நம் மாவட்டத்தில், மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. மருத்துவச் செலவில் இதைவிடத் தகுதியான செலவு குறைவு. புற்றுநோய் உடம்பெங்கும் பரவி இறுதிக்கட்டத்துக்கு வந்த தாத்தாவுக்கு அதே எந்திரம் சில நாட்களை, அதுவும் கையைக் கட்டிப்போட்ட நாட்களைத்தான் தரும். அவருக்குத் தேவை வலியும் மூச்சுத்திணறலும் தணிக்கும் மருந்து, பக்கத்தில் பேரப்பிள்ளைகள்.

இடைப்பட்ட நிலையில் இருப்பவர்கள்தான் அதிகம். அங்கே நான் பரிந்துரைப்பது கெடு வைத்துப் பார்ப்பது. வென்டிலேட்டர் வைக்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள்: எத்தனை நாள் பார்ப்போம், தேறுகிறார் என்பதற்கு எது அடையாளம், தேறாவிட்டால் அடுத்து என்ன, ஒரு நாளைக்கு என்ன ஆகும். தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு பத்தாம் நாள் கேட்பதைவிட முதல் நாள் கேட்பது நல்லது. பயனற்ற உயிர்காப்பை விலக்கிக்கொள்ளவும், அதை முன்கூட்டியே எழுதிவைக்கவும் உச்ச நீதிமன்றம் 2018-ல் வழிசெய்தது. 2023-ல் அந்த நடைமுறையை எளிமையாக்கியது. டாக்டர்களில் பலரே இதை அறியாமல், சட்டத்துக்குப் பயந்து எந்திரத்தை ஓடவிடுகிறார்கள்.

தாம்பரம் மாநகராட்சியாகிவிட்டது. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு 2025-ல் புதுக் கட்டடம் வந்துவிட்டது. குடியிருப்போர் சங்கங்கள், நன்கொடையாளர்கள், வார்டு உறுப்பினர்கள் இங்கே இருக்கிறீர்கள். அரசு, தனியார் எந்த ஐ.சி.யு.வாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை சில எண்களை வாசலில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை பேரை வென்டிலேட்டரில் வைத்தீர்கள், எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் தானாக எழுந்து நடக்கிறார்கள், குழாய் வழியே நிமோனியா தொற்றியவர்கள் எத்தனை, எந்திரம் பழுதாகி நின்ற நாட்கள் எத்தனை, இரவு ஷிப்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும், பழைய நோயாளிகளுக்குப் போன் செய்ய ஓர் ஆளும் போதும். நன்கொடை கொடுப்பவர்கள் இந்த ஆண்டு எந்திரத்துக்குப் பதில் அந்த ஆளின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளலாம்.